நடு நாற்காலி

எங்கள் மாலைப் படிப்பு மையத்தில் பெற்றோர் கூட்டம் போட்டால் நான்கு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சுண்டல் கொடுத்துப் பார்த்தோம், எவர்சில்வர் தம்ளர் கொடுத்துப் பார்த்தோம். தம்ளரை வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த மாதம் மூடி கொடுப்பீர்களா என்று கேட்டார்களே தவிர, பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்கவில்லை. இந்த நிலையில், திருவனந்தபுரத்தில் ஒரு வாசகசாலை நடத்தும் குடும்பக் கூட்டத்துக்கு, அதுவும் நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன கட்டட வேலைக்காரர்களும் ஹோட்டல் வேலைக்காரர்களும், ஒருவர் விடாமல் வருகிறார்களாம் என்று கேள்விப்பட்டதும் எங்கள் பொறுப்பாளர் நடராஜன் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “நீங்க போயி, அப்படி என்னதான் குடுக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்க” என்று என்னை விருதுநகரிலிருந்து கிளப்பிவிட்டார்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் என் மலையாளம். சென்னையில் மூன்று வருடம் கோட்டயத்து நர்ஸ் ஒருத்தியோடு அறையைப் பங்கு போட்டவள் நான். எல்லாம் புரியும். பேசினால் மட்டும் எதிரில் இருப்பவர் வாயைப் பொத்திக்கொள்வார்.

புதன்கிழமை மதியம் போய் இறங்கினேன். பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்கு இரண்டு கடை தள்ளி லாட்ஜ். சன்னலைத் திறந்தால் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நம் ஊரில் ஒரு தேங்காய்க்கு ஒரு வேண்டுதல். இங்கே மூட்டையாகக் கொண்டுவந்து உடைக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் சத்தம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அது நிற்கும்போதுதான் என்னவோ போல் இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். முந்தைய ஆள் தம்ளரைக் கழுவவில்லை என்று நினைத்து மாற்றித் தரச் சொன்னேன். அதே நிறத்தில் இன்னொன்று வந்தது. பக்கத்து இலைக்காரர், அது பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சியது, உடம்புக்கு நல்லது என்று பொறுமையாகச் சொன்னார். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு இருந்தது. எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவில் வளர்ந்த வயிறு முதலில் முறைத்தது. கடைசியில் போளியைப் பால் பாயசத்தில் பிசைந்து போட்டதும் சமாதானமாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே நானும், முழுப் பலாப்பழம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரும். நான் கதவைத் தட்டினேன், மணியை அழுத்தினேன், நடராஜன் சாரை மனதுக்குள் திட்டினேன். அவர் பலாப்பழத்தைக் கீழே வைத்து, அதன்மேல் பத்திரிகையை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். பதற வேண்டாம், நாலு மணிக்கு ஆள் வந்துவிடும் என்றார், பஸ் வரும் நேரத்தைச் சொல்வது மாதிரி. நாலு மணிக்குச் சரியாக ஆள் வந்தது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை காலை வாசகசாலைக்குப் போனேன். சாலை என்ற சந்தையின் பின்பக்கம், கீழே பத்திரிகை படிக்கும் பெரியவர்கள், மாடியில் பிள்ளைகள். பத்தாவது முடித்தவர்கள், ப்ளஸ் டூ முடித்தவர்கள், படிப்பை விட்டவர்கள் என்று பதினைந்து பேர் ஒரு பழைய மிக்சியைக் கழற்றிப் போட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் தங்களுக்குள் பேசுவதெல்லாம் மலையாளம். பொறுப்பாளர் ஷீபா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எது சொன்னாலும் பாதிச் சிரிப்போடு சொல்வார்.

பேச்சுவாக்கில் என் லிஃப்ட் கதையைச் சொன்னேன். எல்லோரும் பலாப்பழத்துக்குச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகேஸ்வரி, எல்லோருக்கும் மகி.

“சேச்சி, நிக்கறதுக்கு முன்னாடி சவுண்ட் வந்ததா, இல்லே ஃபேன் ஆஃப் ஆச்சா?”

எது முதலில் என்று எனக்கு எங்கே ஞாபகம்? குலுக்கல் மேல் பக்கம் வந்ததா கீழ்ப் பக்கமா, கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்ததா என்று டாக்டர் மாதிரி விசாரித்தாள். கடைசியில், கேபிளில் குறை இல்லை, கதவு சென்சார்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். சாயங்காலம் லாட்ஜ்காரரிடம் கேட்டேன். சென்சாரேதான்.

இவளுக்குக் கொச்சியில் லிஃப்ட் மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதை ஷீபா டீச்சர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ஒரு வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், செலவெல்லாம் அவர்களே. வாசகசாலையிலிருந்து முதல் ஆள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் சனிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இன்றைக்குக் கூட்டத்தில் அவள் அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்று டீச்சர் புதுச் சேலை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கூட்டம் வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்கு. ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டிபன் தொடங்காத நேரம் அதுதான். (கட்டட வேலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.) மூன்று அடிக்கும்போது மாடி நிறைந்துவிட்டது. நான் சுற்றிலும் தம்ளர் தேடினேன். ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, ஒரு தேநீர். அதுவும் கடைசியில்தான்.

இங்கே உட்காரும் முறையே வேறு. ஒவ்வொரு மேஜைக்கும் மூன்று நாற்காலி. ஒரு ஓரம் டீச்சருக்கு, மறு ஓரம் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ. நடு நாற்காலி பிள்ளைக்கு. டீச்சர் மலையாளத்தில் மூன்று வாக்கியம் சொல்வார். பிள்ளை அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது டீச்சர் அங்கே இருக்க மாட்டார், அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். அது அவர்கள் வீட்டுப் பேச்சு, ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது அவருடைய விதி. ஒரு சுற்று முடித்து வரும்போது அம்மா சொன்ன பதிலைப் பிள்ளை மலையாளத்தில் தர வேண்டும். அதுவரை பழம்பொரியில் யாரும் கை வைக்கக் கூடாது.

பிள்ளைகள் குறைத்துச் சொல்லிவிட மாட்டார்களா என்று முன்பே கேட்டிருந்தேன். திட்டைக் கொஞ்சம் குறைப்பார்கள், போகட்டும் என்று சிரித்தார் டீச்சர். உண்மைதான். ஒரு பையனைப் பற்றி அவர் மூச்சு விடாமல் சொன்ன மூன்று நீளமான வாக்கியங்களை, “ஒண்ணுமில்லப்பா, பழம்பொரி வரும்” என்று அவன் முடித்துவிட்டான்.

ஒட்டுக்கேட்கக் கூடாது என்ற விதி எனக்குக் கிடையாது. மகியின் மேஜைக்குப் பின்னால் புத்தகம் பார்ப்பது போல் நின்றுகொண்டேன். அவள் அம்மா பேச்சியம்மாள் தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவர். சங்கரன்கோவில் பக்கம். நெற்றியில் வியர்வையோடு, கையில் கறிவேப்பிலை வாசத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் சொன்னார்: மகேஸ்வரிக்குக் கொச்சியில் இடம் கிடைத்துவிட்டது. கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரிந்த கை இந்த வாசகசாலையிலேயே இவள் கை ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பேச்சியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஓடவில்லை, புழுக்கம் என்று நினைத்தேன்.

மகி அம்மாவின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள்.

“நல்லா படிக்கேனாம். கொச்சில ஏதோ கோர்ஸ் உண்டாம். அடுத்த வருஷம் பாக்கலாம்னு டீச்சர் சொல்றாங்க.”

பேச்சியக்கா கொஞ்ச நேரம் மகளையே பார்த்தார். “டீச்சர் அப்படியா சொன்னாங்க?” என்றார். மகி தலையாட்டினாள். “அப்பச் சரின்னு சொல்லு” என்றார்.

டீச்சர் சுற்றி வந்தபோது மகி மலையாளத்தில் சொன்னது இது: அப்பா சம்மதிக்க மாட்டார், கொச்சி தூரம் என்று அம்மா சொல்கிறார்.

திட்டைக் குறைப்பார்கள் சரி, பாராட்டைக் குறைப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பழம்பொரியை வாயில் அடைத்துக்கொண்டு நாக்கைக் கட்டிப்போட்டேன். அன்று மாலை நடராஜன் சார் போன் செய்து என்ன குடுக்குறாங்க என்றார். வாழைப்பழ பஜ்ஜி என்றேன். அவ்வளவுதானா என்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை என்னைப் பொன்முடிக்கு அனுப்பினார்கள். அங்கே தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் உள்ள பிள்ளைகளுக்கு வாசகசாலை வாரம் ஒருநாள் வகுப்பு நடத்துகிறது. துணைக்கு மகி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. ஏழு வரை வேடிக்கை பார்த்தேன். பன்னிரண்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தேன். பதினெட்டில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டாரை நினைத்துக்கொண்டேன். மகி ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்து, டிரைவர் எப்போது கியர் மாற்றுகிறார் என்று எனக்கு நேரடி வர்ணனை கொடுத்தாள்.

வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. லயனில் ஒரு வீட்டில் மரவள்ளிக் கிழங்கு அவித்து, மிளகாயும் சின்ன வெங்காயமும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட சம்மந்தியோடு கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மகி மூன்று தடவை சொன்னாள். நான் மூன்றாவது தடவையும் கிழங்கு வாங்கினேன். வாசலுக்கு வந்தபோது பஸ்ஸின் பின்பக்கம் மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. முழுக்க முழுக்க என் வயிற்றின் தப்பு.

நிழற்குடையில் கடுங்காப்பியோடு உட்கார்ந்தோம். எதிரே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இதற்கு மேல் என் வாய் தாங்கவில்லை. நேற்று நீ சொன்னதைக் கேட்டேன், எனக்கு மலையாளம் புரியும் என்றேன்.

மகி கப்பைக் கீழே வைத்தாள்.

“நான் போயிட்டா அம்மைக்கு யாரு பேசுவா, சேச்சி? ஆஸ்பத்திரியில ஓபி சீட்டு எடுக்கணும்னாலும் நான் வேணும். ரேஷன் கடைக்கும் நான் வேணும். அடுக்களையில எல்லாம் தமிழ் ஆளுக. அம்மைக்கு மலையாளம் ஒரு வாக்கு அறியாது.”

அப்பா சென்ட்ரிங் வேலையாகக் கொல்லத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வேண்டாம் என்று நீயே டீச்சரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். டீச்சர் விடவே மாட்டார், அப்பா சம்மதிக்கவில்லை என்றால் மட்டும்தான் விடுவார் என்றாள். லிஃப்ட் பற்றிப் பேசும்போது இருந்த முகம் இப்போது இல்லை. அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அது நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பழவங்காடிப் பிள்ளையார் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெரிய சத்தியமாகத்தான் செய்து கொடுத்தேன். இறங்கும்போது எத்தனை வளைவு வந்தது என்று நான் எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்குவதை விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனேன். சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று பிள்ளையாரிடம் கேட்டுப் பார்க்கத்தான். ஒரு தேங்காய் போதாது, இது பெரிய விஷயம், மூன்று வாங்கலாம் என்று கடையை நெருங்கினேன். அங்கே ஒரு பெண் கடைக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். பதினொரு தேங்காய் கேட்டால் நடுவில் ஒரு கொப்பரையைச் சொருகுகிறாயா, தினம் ஐம்பது தேங்காய் உடைக்கிற கை இது, தட்டினாலே உள்ளே இருப்பது தெரியும் என்று பொரிந்து தள்ளினார். அத்தனையும் மலையாளம். என் கோட்டயத்து நர்ஸ்கூட இவ்வளவு வேகமாகத் திட்ட மாட்டாள். கடைக்காரர் பேசாமல் தேங்காயை மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பெண் திரும்பினார். பேச்சியக்கா.

அவர் தேங்காய்க் கூடையோடும் நான் வெறுங்கையோடும் நின்றோம். முதலில் சிரித்தவர் அவர்தான். அப்போ வியாழக்கிழமை டீச்சர் சொன்னது உங்களுக்கு, என்று ஆரம்பித்து, சத்தியம் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினேன்.

“எல்லாம் மனசிலாச்சு டீச்சர்” என்றார், என்னையும் டீச்சராக்கி. “அவ மாத்திச் சொன்னதும் மனசிலாச்சு. அவரு கிட்டயும் அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன். போட்டும்னு சொல்லிட்டாரு. இன்னைக்கு மூணு மணிக்கு லீவும் சொல்லியிருக்கேன். அவளே வாயைத் திறந்து சொல்லுவான்னு ரெண்டு நாளாப் பாக்கேன், சொல்ல மாட்டேங்கா.”

பதினான்கு வருடம் இருக்கும் ஊரில் பாஷை தெரியாத மாதிரி எதற்கு இருந்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும்கூட மகள் பின்னால் ஏன் நின்றீர்கள்?

அவர் தேங்காய்க் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

“வந்த புதுசுல நெசமாத் தெரியாது. பெறவு தெரிஞ்சிட்டு. ஆனா அவ வளந்த பெறவு எங்கிட்டப் பேச்சே கொறஞ்சிட்டு. வீட்டுக்கு வந்தா அவளும் போனும்தான், எல்லாம் மலையாளம். வியாழக்கெழமை மட்டும் அர மணிக்கூர் எம் பக்கத்துல உக்காந்து, எம் மொகத்தப் பாத்துத் தமிழ்ல பேசுவா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, பெறவு அவ எதுக்குப் பேசப் போறா?”

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. நடராஜன் சார் கேட்டதற்குப் பதிலும் வந்துவிட்டது. இந்த மனிதர்கள் பழம்பொரிக்கு வரவில்லை. அவருடைய பதினொரு தேங்காயையும் நான் வாங்கிய மூன்றையும் சேர்த்து உடைத்தோம். பேச்சியக்கா எறிந்த வேகத்தில் ஒரு சில் தெறித்து என் நெற்றியில் பட்டது. பிள்ளையார் சத்தியத்திலிருந்து விடுவித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு நான் வாசகசாலையில் விடைபெற உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒரு தட்டு பழம்பொரி வரவழைத்திருந்தார் ஷீபா டீச்சர். கையெழுத்தில்லாத தாள் அவர் மேஜையில் கிடந்தது. மகி அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பாமல். பேச்சியக்கா படியேறி வந்ததும் டீச்சர் அவசரமாக மூன்று நாற்காலியை இழுத்துப் போட்டு மகியைக் கூப்பிட்டார். மகி எனக்கு ஒரு பார்வையை அனுப்பிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை என்று தலையசைத்தேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

டீச்சர் வழக்கம் போல மூன்று வாக்கியம் சொன்னார். இன்றுதான் கடைசி நாள். அப்பாவிடம் வேண்டுமானால் நானே கொல்லத்துக்கு வந்து பேசுகிறேன். இந்தப் பெண்ணின் கையை அடுக்களையில் போட்டுவிடாதீர்கள். சொல்லிவிட்டு விதிப்படி எழுந்தார்.

“டீச்சர் போகண்டா” என்றார் பேச்சியக்கா, மலையாளத்தில். “ஒரு பேனா தரூ. எவிடெயா ஒப்பிடண்டே?”

ஷீபா டீச்சர் எழுந்தது எழுந்தபடி நின்றார். மகி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். பேச்சியக்கா தாளை இழுத்து, டீச்சர் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் பெயரை எழுதினார். ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் தனக்குப் போகத் தெரியும், அப்பாவும் சரி சொல்லியாச்சு என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

“அப்போ இத்தனை வருஷமா அம்மைக்கு எல்லாம் மனசிலாகுமா?” என்றாள் மகி.

பேச்சியக்கா பேனாவை மூடி டீச்சரிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை மகள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“சரி, டீச்சர் இப்ப என்ன சொன்னாங்க? நீ சொல்லு.”

“அதான் அம்மைக்குத் தெரியுமே.”

“தெரியும். நீ சொல்லு.”

மகி நடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, தமிழில் சொல்லத் தொடங்கினாள். இந்தத் தடவை பாராட்டைக் குறைக்கவில்லை.

“இன்னைக்குத்தான் கடைசி நாளாம். மகேஸ்வரி கொச்சிக்குப் போகணுமாம். அவ கை நல்ல கையாம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “போனாலும் வியாழக்கிழமை தோறும் மூணு மணிக்கு அம்மைக்குப் போன் பண்ணுவாளாம். அர மணிக்கூர் பேசுவாளாம். தமிழ்லதான் பேசுவாளாம்.”

ஷீபா டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தட்டில் பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் கை வைக்கவில்லை, அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.